முதலில் தமிழில் புரியட்டும்: தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் அறிவியல், கணிதம் சொல்லித்தர வருகிறவர்களுக்கு

படிவம் 1 (இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு) படிக்கும் பையன் ஒருவன் பள்ளிச் சோதனைத் தாளைக் கொண்டுவந்து காட்டினான். எண்ணெய் ஏன் தண்ணீரில் மிதக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள். பதில் எழுத விட்டிருந்த மூன்று கோடுகளும் வெறுமையாகக் கிடந்தன. தாளை மூடி வைத்துவிட்டு அதே கேள்வியைத் தமிழில் கேட்டேன். "எண்ணெ லேசுக்கா" என்றான். அப்படியென்றால் ஒரு டிரம் எண்ணெய் ஒரு கிளாஸ் தண்ணீரைவிட லேசா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்படியில்லக்கா. ஒரே அளவு மங்குல ரெண்டையும் ஊத்தினா தண்ணி மங்குதான் கனமா இருக்கும்" என்றான்.

அடர்த்திக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. கன அளவு ஒன்றே, பொருண்மை மட்டும் வேறு. பாட்டி பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய காலத்தில் பால் பிடித்த மங்கு (கிண்ணம்) ஒன்று அவன் வீட்டு வாசலில் இன்னும் கிடக்கிறது. அதை மனதில் வைத்தே பையன் விடையைக் கண்டுபிடித்துவிட்டான். ‘டென்சிட்டி’ என்ற சொல்லும் அதை வைத்து ஒரு வாக்கியம் அமைக்கும் பழக்கமும் மட்டுமே அவனிடம் இல்லை. அவற்றைச் சொல்லித்தர இருபது நிமிடம் போதுமானதாக இருந்தது. வெறும் கோடுகளைப் பார்த்து, இவனுக்கு அறிவியல் வராது என்று முடிவுகட்டியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு நான் பெரிய அநியாயம் செய்திருப்பேன்.

எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தை. இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். கோலசிலாங்கூர் மாவட்டத்தில் முன்பு ரப்பரும் ஈயமும், இப்போது செம்பனையும் சூழ்ந்த ஊர். சிலாங்கூர் பல்கலைக்கழக வளாகம் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கே போலவே பல தோட்டப்புற ஊர்களிலும் கோயில் மண்டபத்திலோ பொது மண்டபத்திலோ சனிக்கிழமை வகுப்பு நடக்கிறது. அங்கே சொல்லித்தரப் பல்கலைக்கழகத் தம்பி தங்கைகள் ஆர்வத்தோடு வருகிறார்கள். வந்தவர்களில் பலர் முதல் நாளே கேட்பது ஒரே கேள்விதான்: "ஆங்கிலம் வளரணும்னா வகுப்பில் ஆங்கிலம் மட்டும்தானே பேசணும்?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள்

நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஆறு ஆண்டுகள் அறிவியலும் கணிதமும் தமிழில்தான். படிவம் 1-இல் இடைநிலைப்பள்ளிக்குள் காலடி வைத்த அன்றே எல்லாம் மலாய்க்கு மாறுகிறது. 2016-இல் தொடங்கிய இருமொழித் திட்டம் நடக்கும் பள்ளியாக இருந்தால் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறுகின்றன. ஆறு ஆண்டுகளாகத் தமிழில் சேர்த்து வைத்த அறிவைப் பதின்மூன்று வயதில் ஒரே வாரத்தில் இன்னொரு மொழிக்குத் தூக்கிப் போகச் சொல்கிறோம். தூக்கிப் போக யாரும் கற்றுத்தருவதில்லை. சனிக்கிழமை வகுப்பின் வேலை அதுதான்.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் போதிக்கும் திட்டம் 2003-இல் தொடங்கியபோது முதலாம் ஆண்டில் சேர்ந்தவள் நான். ‘ரூட்ஸ் அப்சார்ப் வாட்டர்’ என்று வகுப்பே சேர்ந்து ராகம் போட்டுச் சொல்வோம். சோதனையிலும் அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். நான்காம் ஆண்டில் ஒரு டீச்சர் பள்ளித் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் ஒரு கீரைச்செடியைப் பிடுங்கி வேரைக் காட்டி, "இதுதான் தண்ணியை உறிஞ்சுது" என்று தமிழில் சொன்னார். ‘அப்சார்ப்’ என்றால் உறிஞ்சுவது என்று அன்றுதான் தெரிந்தது. மூன்று வருடமாக முழு மதிப்பெண்ணோடு எனக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்திருக்கிறது. அந்தத் திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009-இல் வந்தது. அது நல்ல முடிவா இல்லையா என்று இன்னும் வாதாடுகிறார்கள். நமக்கு வேண்டியது அந்தக் கீரைச்செடிப் பாடம்.

ஆராய்ச்சி சொல்வதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பெற்றோரோ பள்ளியோ கேட்டால் பதில் சொல்ல உதவும். கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற அறிஞர், பேச்சு மொழியையும் பாட மொழியையும் 1979-இல் பிரித்துக் காட்டினார். புதிய மொழியில் சரளமாகப் பேச ஒன்றிரண்டு ஆண்டுகள் போதும், பாடத்தைப் படித்துப் புரிந்து எழுத ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்வரை ஆகும் என்பது அவர் கண்டது. கடையில் ஆங்கிலத்தில் பேசி ஐஸ்கிரீம் வாங்கும் பிள்ளை ஆங்கிலத்தில் அறிவியல் பதில் எழுத முடியாமல் திணறுவது இதனால்தான். அதைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மொழியில் விளங்கிக்கொண்ட கருத்தை இன்னொரு மொழிக்காக மறுபடியும் முதலிலிருந்து விளங்கிக்கொள்ளத் தேவையில்லை என்பதும் அவர் வற்புறுத்தியது. வேல்ஸ் நாட்டில் சென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் 1994-இல் இதையே வகுப்பறை முறையாக எழுதிவைத்தார்: ஒரு மொழியில் படித்து உள்வாங்கு, இன்னொரு மொழியில் பேசு, எழுது. நாம் செய்யப்போவதும் இதுதான்.

முதல் படி: காதைத் திறந்து வையுங்கள்

முதல் சனிக்கிழமை பாடம் நடத்தாதீர்கள். கொதிக்கும் கெண்டி ஒன்றைப் பலகையில் வரைந்து, "இங்க என்ன நடக்குது? எந்த மொழியில் வேணும்னாலும் எழுதுங்க, பேசினாலும் சரி" என்று விடுங்கள். அரைமணி நேரத்தில் உங்கள் வகுப்பு உங்களுக்குத் தெரிந்துவிடும்.

தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை தமிழில் பத்து வரி எழுதும். மலாய்வழித் தேசியப்பள்ளியில் படித்த பிள்ளை வீட்டில் தமிழ்தான் பேசும், ஆனால் எழுத்து தெரியாது. அந்தப் பிள்ளைக்குத் தமிழ் காது வழியாகத்தான் போகவேண்டும். தமிழில் எழுதிக் கொடுத்தால் இன்னொரு சுமை. இன்னும் சிலர் மலாயில் எழுதுவார்கள். எல்லாத் தாளையும் வாங்கி வையுங்கள், மதிப்பெண் போடாதீர்கள். யாருக்கு எந்தச் சொல் தெரியும் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: மூன்றே சொல்

ஒரு பாடத்தில் புதிய ஆங்கிலச் சொல் முப்பது இருக்கும். அவற்றில் மூன்றைப் பொறுக்குங்கள். எது இல்லாவிட்டால் பாடமே விளங்காதோ அந்த மூன்று. அடர்த்திப் பாடம் என்றால் ‘மாஸ்’, ‘வால்யூம்’, ‘டென்சிட்டி’. மற்றவை போகப்போக ஒட்டிக்கொள்ளும்.

இந்த மூன்றுக்கும் தமிழ்ச்சொல் தேடும்போது இணையத்தில் போய்த் தேடாதீர்கள். அங்கே கிடைப்பவை பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடநூல் சொற்கள். நம் பிள்ளைகள் ‘விழுக்காடு’ என்று படித்திருப்பார்கள், நீங்கள் ‘சதவீதம்’ என்று எழுதினால் விழிப்பார்கள். அவர்கள் ‘சக்தி’ என்று படித்ததை அங்கே ‘ஆற்றல்’ என்பார்கள். உங்கள் பிள்ளைகளின் தம்பி தங்கையிடம் ஆறாம் ஆண்டு அறிவியல் நூலை இரவல் வாங்கி, அதில் உள்ள சொல்லையே பயன்படுத்துங்கள். பழைய நண்பனைப் புது ஊரில் பார்த்ததுபோல் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். ‘தற்சார்பு மாறி’ (சோதனையில் நாமே மாற்றுவது), ‘சார்பு மாறி’ (அதனால் மாறுவது) என்பதெல்லாம் தமிழ்ப்பள்ளியில் ஆராய்வு செய்யும்போதே படித்தவை. ‘மெனிப்யூலேட்டட் வேரியபிள்’ என்று வாய் நிறையச் சொல்லி மிரட்டும் சங்கதி அந்தத் தற்சார்பு மாறியேதான் என்று தெரிந்தவுடன் பாதி பயம் போய்விடும்.

ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி போடட்டும்: தமிழ், மலாய், ஆங்கிலம். நான்காவது பத்தியில் ஒரு சிறிய படம். மலாயை விட்டுவிடாதீர்கள். அறிவியல் சொற்கள் பலவற்றில் மலாயும் ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே ஒலி: ‘செல்’, ‘ஒக்சிஜென்’, ‘ஃபோத்தோசிந்தெசிஸ்’. மலாய் வழியாக ஆங்கிலம் வரும் பிள்ளைகளும் உண்டு. இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் கணித, அறிவியல் தாள்கள் இரண்டு மொழியிலும் சேர்ந்தே அச்சாகின்றன என்பதால் இந்த உழைப்பு எந்த வகையிலும் வீண் போகாது.

மூன்றாம் படி: தமிழ், ஆங்கிலம், மறுபடி தமிழ்

ஒரு மணி நேர வகுப்பை நான் இப்படிப் பிரிக்கிறேன். முதல் கால்மணி தமிழ். நடுவில் அரைமணி ஆங்கிலம். கடைசிக் கால்மணியில் பேச்சு தமிழ், எழுத்து ஆங்கிலம். அடர்த்திப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம்.

வேண்டியவை: ஒரே அளவுள்ள இரண்டு கிளாஸ், சமையல் எண்ணெய், தண்ணீர், மாவு நிறுக்கும் சிறிய தராசு, ஒரு முட்டை, உப்பு.

தமிழ்க் கால்மணியில் கேள்வி மட்டும் கேளுங்கள். எது கனம்? எப்படித் தெரியும்? இரும்பு ஆணி மூழ்குது, இரும்புக் கப்பல் ஏன் மிதக்குது? வாக்குவாதம் நடக்கட்டும். யார் சரி என்று உடனே சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஊரில் நான் ஈயக்கதையையும் எடுப்பேன். அந்தக் காலத்தில் டூலாங் என்ற அகன்ற தட்டில் மணலை அள்ளித் தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி ஈயக் கல்லைப் பிரித்தார்கள். மணல் தண்ணீரோடு போய்விடும், ஈயக்கல் தட்டின் அடியில் தங்கிவிடும். ஏன்? மணலின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறத்தாழ 2.6 மடங்கு, ஈயக்கல்லின் அடர்த்தி கிட்டத்தட்ட 7 மடங்கு. அந்தத் தட்டைச் சுழற்றிய பாட்டிக்கு இந்த எண் தெரியாது. ஆனால் அடர்த்தியை நம்பித்தான் அவர் சுழற்றினார். பாட்டி செய்தது அறிவியல் என்று தெரிந்த பிள்ளை அந்தப் பாடத்தை வேறு விதமாகப் பார்க்கும்.

அப்புறம் ஆங்கில அரைமணி. இங்கே தராசை எடுங்கள். 100 மில்லி தண்ணீர் 100 கிராம் இருக்கும், 100 மில்லி செம்பனை எண்ணெய் ஏறத்தாழ 91 கிராம். பலகையில் மூன்று சொல்லையும் எழுதி, தொட்டுக் காட்டி, எளிய ஆங்கிலத்தில் பேசுங்கள். கருத்து ஏற்கெனவே மனதில் இருப்பதால், சொல் போய் உட்கார இடம் தயாராக இருக்கும். இந்த அரைமணியில் நீங்கள் தமிழுக்குத் தாவாதீர்கள். பிள்ளைகள் தங்களுக்குள் தமிழில் பேசினால் தடுக்காதீர்கள். அவர்கள் அரட்டை அடிக்கிறார்களா, பாடத்தை அலசுகிறார்களா என்று காது கொடுத்தால் தெரிந்துவிடும்.

கடைசிக் கால்மணியில் முட்டையை வெறும் தண்ணீரில் போடுங்கள், மூழ்கும். உப்பைக் கரைத்துக்கொண்டே போங்கள், மிதக்கும். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஏன் என்று தமிழில் பேசி முடிவுக்கு வரட்டும். அதற்கப்புறம் ஒரே ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதவேண்டும்.

இந்த முறையில் புதியவர்கள் தவறுவது ஒரே இடத்தில்தான். ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லி, உடனே தமிழில் ஒரு வரி சொல்லி, வகுப்பு முழுக்க அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டு போவார்கள். நானும் முதல் வருடம் இதைத்தான் செய்தேன். இரண்டே வாரத்தில் பிள்ளைகள் ஆங்கில வரியைக் காதில் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வரி தமிழில் வரும் என்று தெரிந்தபின் எதற்குச் சிரமப்படவேண்டும்? தமிழுக்கு ஒரு நேரம், ஆங்கிலத்துக்கு ஒரு நேரம் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். பலகையில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம் என்று இடத்தையும் பிரித்துவைத்தால் சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் நல்லது.

நான்காம் படி: வீட்டுச் சொல்லைச் சலித்தெடுங்கள்

தாய்மொழியில் சொன்னால் எல்லாம் தானாகத் தெளிவாகிவிடும் என்று நினைக்கவேண்டாம். நம் பேச்சுத் தமிழில் சில சொற்கள் இரண்டு வேலை பார்க்கின்றன. அந்த இடத்தில் பிள்ளை வழுக்கும்.

‘ஐஸ் கரைஞ்சு போச்சு’ என்கிறோம். ‘சீனி கரைஞ்சு போச்சு’ என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஐஸுக்கு ‘மெல்ட்’, சீனிக்கு ‘டிசால்வ்’. தமிழ்ப்பள்ளி நூலில் உருகுதல், கரைதல் என்று சரியாகப் பிரித்துத்தான் இருக்கிறது, ஆனால் வாயில் வருவது வீட்டுச் சொல். அதனால் பலர் ‘தி ஷுகர் மெல்ட்ஸ் இன் வாட்டர்’ என்று எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். இதற்கு ஆங்கில இலக்கணம் நடத்திப் பயனில்லை. முதலில் தமிழிலேயே பிரிக்கவேண்டும். ஐஸ் தண்ணியானதுக்கு இன்னொரு பொருள் வேணுமா? வேண்டாம், சூடு போதும். சீனி கரைய? தண்ணி வேணும். சரி, அப்போ ரெண்டும் ஒண்ணா? இந்தப் பேச்சு முடிந்தபிறகு இரண்டு ஆங்கிலச் சொல்லும் கலங்காமல் நிற்கும்.

கெண்டியிலிருந்து வருவதை ‘புகை’ என்பார்கள். ஆங்கிலத்தில் அப்படியே ‘ஸ்மோக்’ என்று எழுதிவிடுவார்கள். ‘சூடு’ என்ற ஒரே சொல் வெப்பத்துக்கும் வெப்பநிலைக்கும் ஓடும். ஆங்கிலத்தில் ‘ஹீட்’ வேறு, ‘டெம்பரேச்சர்’ வேறு. ‘கனம்’ என்றால் எடையா தடிப்பா என்று அந்த நேரத்துப் பேச்சில்தான் தெரியும். நான் மேலே சொன்ன ஈயமும் அப்படித்தான். ஈயச்சுரங்கத்து ஈயம், பாடநூலில் வெள்ளீயம். வெறும் ஈயம் என்று பாடநூல் சொல்வது வேறோர் உலோகம். ஊர்க்கதை சொன்ன அன்றே இதையும் சொல்லிவிடுங்கள்.

எதிர்த்திசையிலும் சிக்கல் வரும். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த ஆங்கிலச் சொல் பாடத்தில் வேறு பொருளில் வந்து நிற்கும். ‘டேபிள்’ என்றால் மேசை, ‘பீரியாடிக் டேபிள்’ என்றால்? ‘வால்யூம்’ என்றால் டிவி சத்தம். ‘டிஃபரன்ஸ்’ என்றால் வித்தியாசம் என்று தெரியும், கணக்கில் அது கழித்தல் விடை என்று தெரியாது. தெரிந்த சொல்தானே என்று பிள்ளை தாண்டிப் போய்விடுவதால் தெரியாத சொல்லைவிட இவை ஆபத்தானவை. இப்படிப்பட்ட சொல் கண்ணில் பட்டவுடன் வகுப்பை நிறுத்தித் தமிழில் ஒரு நிமிடம் பேசிவிடுங்கள். ஆங்கில அரைமணியில் தமிழுக்குத் தாவாதீர்கள் என்று சொன்ன விதிக்கு நான் தரும் ஒரே விலக்கு இதுதான்.

ஐந்தாம் படி: சொல்லைப் பிளந்து காட்டுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அறிவியல் தமிழ்ச்சொற்கள் பல திறந்த புத்தகம் மாதிரி. வெப்பமானி என்றால் வெப்பத்தை அளப்பது. நுண்ணோக்கி, நுண்ணியதை நோக்குவது. தொலைநோக்கி, தொலைவில் உள்ளதை நோக்குவது. இந்தத் தமிழ்ச்சொல்லை இரண்டாகப் பிளந்துவிட்டு ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் பிளந்து வையுங்கள். ‘தெர்மோ’ வெப்பம், ‘மீட்டர்’ மானி. ‘மைக்ரோ’ நுண், ‘ஸ்கோப்’ நோக்கி. ‘டெலி’ தொலை. ‘போட்டோ’ ஒளி, ‘சிந்தெசிஸ்’ சேர்க்கை. ‘ஹெர்பிவோர்’ தாவர உண்ணி, அதில் ‘வோர்’தான் உண்ணி.

ஆங்கிலச் சொல்லின் துண்டுகள் கிரேக்கத்திலிருந்தும் இலத்தீனிலிருந்தும் வந்தவை. ஆங்கிலம் மட்டுமே பேசும் வீட்டுப் பிள்ளைக்குக்கூட அவை தானாகப் புரிவதில்லை, அதுவும் மனனம்தான் செய்யவேண்டும். நம் பிள்ளைக்குத் தமிழ் வழியாக உள்ளே எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் இருக்கிறது. நான்கு சொல்லைப் பிளந்து காட்டினால் ஐந்தாவதை அவர்களே பிளப்பார்கள். ‘டெலிவிஷன்’ ஏன் தொலைக்காட்சி ஆனது என்று ஒரு பெண் பிள்ளை கத்தியபடி எழுந்து நின்றாள். அந்த நாளை நான் மறக்கவில்லை.

ஆறாம் படி: வாக்கியத்தின் வரிசை

கணிதத்தில் சொல்லைவிட வரிசைதான் படுத்தும். ‘ஃபைவ் லெஸ் தன் டுவெல்வ்’ என்று கேட்டால் நம் பிள்ளைகள் பலர் காதில் விழுந்த வரிசையிலேயே 5 − 12 என்று எழுதுகிறார்கள். தமிழில் ‘12-ஐவிட 5 குறைவு’ என்போம். எண் வரும் வரிசையும் கணக்கு எழுதும் வரிசையும் ஒன்றாக இருக்கின்றன. ‘சப்ட்ராக்ட் ஃபைவ் ஃப்ரம் டுவெல்வ்’ என்பதும் இதே கதைதான். தமிழில் ‘12-இலிருந்து 5-ஐக் கழி’. எதிலிருந்து எதை என்று உருபே சொல்லிவிடும். அதனால் ஆங்கிலக் கணக்கை எடுத்தவுடன் எண்களை எழுதவிடாதீர்கள். முதலில் அதைத் தமிழில் ஒரு வரியாகச் சொல்லட்டும், அப்புறம் கணக்காக எழுதட்டும். நாளடைவில் தமிழ் வரி வாய்விட்டு வராமல் மனதுக்குள்ளேயே ஓடிவிடும்.

பின்னத்தில் நேர்மாறு. தமிழில் ‘மூன்றில் இரண்டு’. கீழே உள்ள எண்ணை முதலில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘டூ தேர்ட்ஸ்’, மலாயில் ‘டுவா பெர் தீகா’, இரண்டிலும் மேல் எண் முதலில். எனவே எழுதும்போது தலைகீழாகிப் போவது உண்டு. ஆனால் பொருளைப் பாருங்கள். மூன்றாக வெட்டு, அதில் இரண்டை எடு. தமிழ்ச்சொல்லே செய்முறையைச் சொல்லிவிடுகிறது. ரொட்டி சானாயை மூன்றாகப் பிய்த்து இரண்டு துண்டை எடுத்து, ‘மூன்றில் இரண்டு’ என்று சொல்லவைத்து, பிறகு ‘டூ தேர்ட்ஸ்’ என்று சொல்லவைத்தால் போதும். பொருள் தமிழிலிருந்து வரும், எழுதும் வரிசை ஆங்கிலத்திலிருந்து வரும்.

அறிவியல் பதிலுக்கு வாக்கியச் சட்டம் கொடுங்கள். ‘தி டென்சிட்டி ஆஃப் ... இஸ் லெஸ் தன் தி டென்சிட்டி ஆஃப் ...’ என்று இடைவெளி விட்டுப் பலகையில் எழுதுங்கள். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஒரு முறை, மரக்கட்டைக்கு ஒரு முறை, முட்டைக்கும் உப்புத்தண்ணீருக்கும் ஒரு முறை. நான்காவது முறை சட்டத்தை அழித்துவிடுங்கள். ‘ஸ்டேட்’ என்றால் குறிப்பிட்டால் போதும், ‘எக்ஸ்பிளெய்ன்’ என்றால் காரணம் சொல்லியாகவேண்டும் என்பதையும் தமிழில் ஒரு நாள் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பதில் தெரிந்தும் பாதி எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய.

தாள் திருத்தும்போது இரண்டு நிறப் பேனா வைத்துக்கொள்ளுங்கள். கருத்து சரியாக இருந்தால் பச்சையில் ஒரு குறி. மொழி சரியாக இருந்தால் நீலத்தில் ஒரு குறி. பச்சை விழுந்து நீலம் விழாத பிள்ளைக்கு வாக்கியம் சொல்லிக்கொடுங்கள். நீலம் விழுந்து பச்சை விழாத பிள்ளை மனனம் செய்திருக்கிறது, அந்தப் பிள்ளையைத்தான் கீரைச்செடிப் பக்கம் கூட்டிப்போகவேண்டும்.

உங்களுக்கே தமிழ் சரியாக வராவிட்டால்

தேசியப்பள்ளியில் படித்துவிட்டு வந்த தம்பி தங்கைகள் இதைச் சொல்லிக் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் வேண்டாம். "இதைத் தமிழில் எப்படிச் சொல்லுவீங்க? அண்ணாவுக்குச் சொல்லிக்கொடுங்க" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். ஆசிரியருக்கே சொல்லித்தரும் பெருமையில் அவர்கள் விளக்கும் விளக்கம் உங்களுடையதைவிட நன்றாக இருக்கும். அவர்கள் சொல்வது சரியா என்று சரிபார்க்க, தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

வகுப்பில் மலாய்ப் பிள்ளையோ சீனப் பிள்ளையோ இருந்தால் அந்தத் தமிழ்க் கால்மணி அவர்களை வெளியே நிறுத்திவிடக்கூடாது. ஒவ்வொரு குழுவும் தன் மொழியில் பேசட்டும், முடிவை எல்லாரும் ஆங்கிலத்தில் பலகையில் எழுதட்டும். தனியாக ஒரே ஒரு பிள்ளை இருந்தால் மலாய் பொதுமொழியாக இருக்கட்டும்.

வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள்

பெற்றோரிடம் பேசாமல் இந்த வேலை பாதியிலேயே நின்றுவிடும். "வீட்ல இனிமே இங்கிலீஷ்லயே பேசச் சொல்லிட்டோம் டீச்சர்" என்று பெருமையாகச் சொல்லும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் மனம் நோகாமல், பொறுமையாகச் சொல்லுங்கள்: உங்களுக்கு நன்றாக வருகிற மொழியில் பேசுங்கள் அம்மா, நிறையப் பேசுங்கள். தெரியாத மொழியில் ‘கம்’, ‘ஈட்’, ‘ஸ்லீப்’ என்று மூன்று சொல்லோடு பேச்சு சுருங்கிவிட்டால், ஏன், எப்படி என்று பிள்ளை கேட்கும் கேள்விகளும் சுருங்கிவிடும்.

வீட்டுப்பாடமாக ஒரு கேள்வியைக் கொடுத்தனுப்புங்கள். பிள்ளை அதை வீட்டில் தமிழில் கேட்டு, கிடைத்த பதிலைத் தமிழிலேயே எழுதிக்கொண்டு வரவேண்டும். பால்மரத்தை ஏன் விடியற்காலையில் வெட்டினார்கள்? பாலில் எதை ஊற்றினால் உறையும்? வேர்வை காயும்போது உடம்பு ஏன் குளிர்கிறது? செம்பனையில் வேலை செய்யும் அப்பாவிடம் போன மாதம் நான் கேட்டு வரச் சொன்னது இது: வெட்டிய குலையை ஏன் ஒரு நாளுக்குள் ஆலைக்கு அனுப்பிவிடவேண்டும்?

அடுத்த சனிக்கிழமை ஒரு பிள்ளை நோட்டைத் திறந்து வாசித்தது: "லேட்டானா பழம் கெட்டுப்போகும், எண்ணெய் தரம் குறைஞ்சிடும், அடிபட்ட பழம் இன்னும் சீக்கிரம் கெடும்னு அப்பா சொன்னாரு." அந்தத் தமிழ் வரியை அப்படியே பலகையின் இடப்பக்கம் எழுதினேன். அடிபட்ட பழத்துக்குள் எது எண்ணெயைச் சிதைக்கிறது என்று கால்மணி நேரம் தமிழில் பேசினோம். பிறகு வலப்பக்கம் வந்து ‘என்சைம்’ என்று எழுதினேன்.